ஒட்டுப்போட்ட தூணும் சொட்டும் இணைப்பும்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். பழைய நூலகத்தின் கான்கிரீட்டைச் சரிசெய்த விதத்துக்கு ஐந்தில் நாலரை. புதிதாகச் சேர்த்த கண்ணாடிப் பகுதிக்கு மூன்று. இரண்டும் சேரும் இடத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் மூடித் தகட்டை நேராக அடித்திருக்கிறார்கள் என்பதற்காக.

இடம் மலேசியாவின் தெற்குப் பேராக். பெருஞ்சாலையை விட்டிறங்கிச் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் ஒரே தெருவில் கடை வரிசை, தெருக்கோடியில் மாரியம்மன் கோயில், எதிரே தமிழ்ப்பள்ளி, மேட்டில் பல்கலைக்கழகக் கிளை வளாகம். வளாகத்தின் பெயரோ குத்தகையாளரின் பெயரோ இங்கே வராது. குறைதீர் காலம் இன்னும் முடியவில்லை, சரிசெய்ய அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

கட்டடம் 1970-களைச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘சாயம் அடிக்க மறந்த ஸ்டோர்’. ரப்பர் ஸ்டோரின் தோரணை இதில் இருப்பதும் உண்மைதான். கட்டடக் கலைஞர்கள் இதைப் புரூட்டலிசம் என்பார்கள். பூசாத, மெழுகாத கான்கிரீட்டைப் பிரெஞ்சில் ‘பெத்தோன் ப்ரூ’ என்று சொல்லப்போய் வந்த பெயர் அது. லு கொர்பூசியே மார்செய் நகரில் 1952-இல் முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து சண்டிகர் வரை இந்தப் பாணி பரவியது. நம் நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு சான்செலோர் மண்டபம் இருக்கிறது. கிங்டன் லூ வடிவமைத்து 1966-இல் திறக்கப்பட்டது, 2001-இல் தீப்பிடித்து மறுபடி சீரமைக்கப்பட்டது. இந்த வகைக் கட்டடத்தில் சுவரே அலங்காரம். அச்சுப் பலகையின் நரம்பும் கணுவும் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கும். தப்பான ஒட்டு ஒன்று விழுந்தால் சாயத்துக்குள் ஒளிக்க வழியில்லை.

அதனால்தான் இரண்டாம் மாடிப் படிக்கட்டு ஓரத்துத் தூணைப் போய்ப் பார்க்கச் சொல்கிறோம். இடுப்பு உயரத்தில், ஒரு முறம் அளவுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறது. காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் கண்ணுக்குப் படுகிறது. பலகைக் கோடுகள் பழையதிலிருந்து புதியதற்குள் முறியாமல் ஓடுகின்றன. ஓர் இடத்தில் கணுவின் வட்டம்கூடப் பாதி பழையதிலும் பாதி புதியதிலும் சேர்ந்து நிற்கிறது. நிறத்தில் மட்டும் கொஞ்சம் கருமை, தடவிப் பார்த்தால் ஓரம் தட்டுப்படவில்லை.

இப்படி வர என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது, கட்டடப் பழுது பார்க்கப் போகிற எந்தக் குழுவுக்கும் பயன்படும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிப்பதன் காரணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை (பி.எச். அளவு) 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கிச் சுண்ணாம்போடு சேர, அந்த எண் 9-க்குக் கீழே விழுகிறது, படலம் போய்விடுகிறது. இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 25 ஆண்டில் 20 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் 50 ஆண்டில் 40 ஆகாது, ஏறத்தாழ 28-தான். ஆனால் அந்தக் காலத்துக் கட்டடங்களில் கம்பிக்கு மேலே 20, 25 மில்லிமீட்டர் கான்கிரீட்தான் இருக்கும். சில இடங்களில் கம்பி சரிந்து அதுவும் இருக்காது. துரு இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், மேலே உள்ள கான்கிரீட்டை அதுவே தள்ளிப் பெயர்த்துவிடும்.

பலரும் தப்பாக நினைக்கும் ஓர் இடம் உண்டு. மழை நேராக அடித்து ஆரஞ்சு நிறப் பாசி படிந்த சுவர்தான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைப்பார்கள். அந்தப் பாசி பெரும்பாலும் டிரெண்டெபோலியா என்ற வகை. பார்க்கத் துருபோலத் தெரியும், துரு அல்ல. நனைந்த கான்கிரீட்டின் துளைகள் நீரால் அடைபட்டிருப்பதால் வாயு மெதுவாகவே இறங்கும். மழை படாத வெயில் தடுப்புப் பலகைகளின் அடிப்பக்கம்தான் ஆபத்து. அங்கே காய்ந்த துளை வழியே வாயு ஆழமாக இறங்கியிருக்கும். மேல்தளம் ஒழுகி ஒருநாள் அங்கே ஈரம் எட்டினால் போதும், துரு பிடித்துக்கொள்ளும். இந்த நூலகத்தில் கட்டி கட்டியாகப் பெயர்ந்ததெல்லாம் அந்த அடிப்பக்கங்கள்தான்.

பழுதுபார்த்தவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்து உள்ளீடற்ற ஓசை வந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்திருக்கிறார்கள். பிறகு பினால்ப்தலீன் கரைசல்: புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரம் உள்ள இடம் கத்தரிப்பூ நிறமாக மாறும், காரம் போன இடம் நிறம் மாறாது. உடைத்த உடனே தெளிக்க வேண்டும், தூசியைத் துடைக்காமல் தெளித்தால் ஏமாற்றும். வெட்டும்போது ஒட்டின் விளிம்பை வைரத்தட்டால் சுமார் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேர்க்கோட்டில் அறுக்க வேண்டும். விளிம்பைத் தேய்த்து மெலியவிட்டால் ஒரே ஆண்டில் செதிலாக உரியும். கம்பிக்குப் பின்னாலும் 20 மில்லிமீட்டராவது குடைந்து எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டு மூடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் ஏமாற்று வேலை. கம்பியை வெள்ளை உலோகம் தெரியுமளவு மணலடித்துச் சுத்தம் செய்து, அன்றே காப்புப் பூச்சு. பழைய கான்கிரீட்டை முந்தின நாள் நனைத்து, மேலே தண்ணீர் நிற்காமல் உள்ளே ஈரமாக இருக்கும் நிலையில் பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையை அடுக்கடுக்காக அழுத்த வேண்டும். பிறகு ஈரச்சாக்கு. நம் வெயிலில் மூன்று நாள் ஈரம் காயாமல் காத்தாலொழிய மேற்பரப்பு தூளாகிவிடும்.

பலகை நரம்பு எப்படி வந்தது? அறுத்த மெராந்திப் பலகையைக் கம்பிப் புருசால் தேய்த்து நரம்பை எழுப்பி அச்சாக வைத்திருக்கிறார்கள். ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. புதுப் பலகையிலுள்ள சர்க்கரையும் துவர்ப்புச் சத்தும் சிமெண்டு இறுகுவதைக் கெடுக்கும். மேலே மாவாக உதிரும், கறையும் விழும். அதனால் முதலில் சிமெண்டுப் பாலைத் தடவிக் காயவைத்துச் சுரண்டிவிட்டுத்தான் பலகையைப் பயன்படுத்த வேண்டும். நிறத்துக்கு மாதிரிப் பலகங்கள் வார்த்து 28 நாள் கழித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஈரக் கலவை எப்போதும் கருமையாகவே தெரியும். பின் சுவரில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், தோற்றுப்போன ஆறு மாதிரிகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பார்த்தாலே பாடம்.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இரண்டு. ஒட்டின் சுற்று விளிம்பில் சில ஆண்டுகளில் புதுத் துரு தொடங்குவது வழக்கம். ஒட்டுக்குள் உள்ள கம்பி காப்பாற்றப்பட, பக்கத்துப் பழைய கம்பி பலியாகும். கம்பிக்குப் பதில் தாங்களே அரிபடும் துத்தநாக ஆனோடுகளை விளிம்பு ஓரம் கம்பியில் கட்டினால் அதைத் தள்ளிப்போடலாம். இங்கே தூண்களில் கட்டியிருக்கிறார்கள், வெயில் தடுப்புப் பலகைகளில் கட்டவில்லை. இரண்டாவது, வெளிச்சுவர் முழுவதும் நீர் விலக்கும் நிறமற்ற திரவம் அடித்திருக்கிறார்கள். சிலேன், சிலாக்சேன் வகைத் திரவம் தண்ணீரைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சுவர் காய்ந்துபோவதால் வாயு இறங்குவது கூடவும் செய்யலாம். துரு மெதுவாகும் என்பது உண்மைதான், ஆனால் கையேட்டில் எழுதியிருப்பதுபோல ‘முழுப் பாதுகாப்பு’ கிடையாது.

கழுவிய விதமும் சரியானது. உயர் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சவில்லை. பாசிக்கொல்லியைத் தெளித்து ஒருநாள் விட்டு, மென்மையான புருசும் குறைந்த அழுத்தத் தண்ணீரும். கார் கழுவும் பம்பைக் கொண்டுவந்து அடித்தால் சிமெண்டுத் தோல் உரிந்து மணல் தெரியும், அடுத்த மழைக்காலத்தில் பாசி இரட்டிப்பாக வரும். பட்டணத்துக் கடைவீதியில் நாலைந்து சுவர்கள் இதற்குச் சாட்சி.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக. பழைய தட்டைக் கூரையில் சரிவே இல்லாமல் தண்ணீர் குளம் கட்டி நின்றது. இப்போது மேலே சரிவுக் கலவை போட்டு, தீயில் உருக்கி ஒட்டும் தார் விரிப்பை விரித்திருக்கிறார்கள். முடிந்த பிறகு சரிவு 80-க்கு 1 என்ற அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வடிவமைக்கும்போது 40-க்கு 1 என்று வைத்தால்தான் முடிவில் அது கிடைக்கும். சுவரோரத்தில் விரிப்பு 150 மில்லிமீட்டர் மேலேற வேண்டும். வெளியேறும் துளையை அடைத்துத் தண்ணீரை 48 மணிநேரம் தேக்கிச் சோதித்திருக்கிறார்கள். கீழ்மாடியில் கூரையின் அடிப்பக்கத்தில் ஒரு கறையும் இல்லை. ஒரே வேண்டுகோள்: வடிகால் வாயில் விழும் இலையை வாரத்துக்கு ஒருமுறை பொறுக்க ஆள் வேண்டும். அத்திக் கன்று ஒன்று ஏற்கெனவே முளைத்து நிற்கிறது.

உள்ளே, தளம் ஒன்றும் அடுக்கு ஒன்றும் பேச வேண்டியவை. தளத்தின் அடிப்பக்கம் இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி சதுரக் குழிகள். குழிகளுக்கு நடுவே ஓடும் விட்டங்கள்தான் சுமையைத் தாங்குகின்றன. குழியில் துளை போடலாம், விட்டத்தில் கூடாது. ஏர்கோன் குழாய்களை எல்லாம் குழி நடுவிலேயே துளைத்து இறக்கியிருக்கிறார்கள். மேலே தனிக் கூரைப் பலகை அடித்து அந்த அழகை மறைக்காமல் விட்டதற்கு நன்றி.

புத்தகத்தின் எடையை யாரும் நம்புவதில்லை. 2010-இல் திரும்பப் பெறப்பட்ட பழைய பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 6399-இன் கணக்கில் நூல் அடுக்கறைக்கு, அடுக்கின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன், குறைந்தது 6.5. அதாவது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 650 கிலோ. நூலும் இருக்கும் வாசிப்பறைக்கு 4 மட்டுமே. தண்டவாளத்தில் நகரும் நெருக்க அடுக்கு என்றால் மீட்டருக்கு 4.8: இரண்டு மீட்டர் உயரத்துக்கு 9.6, சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்குக் கிட்ட. வாசிப்பறையை அடுக்கறையாக மாற்றும்போது பலர் சறுக்குவது இங்கேதான். இந்த நூலகத்தில் நகரும் அடுக்குகளைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டு, மேல்மாடிகளை உட்கார்ந்து படிக்க ஒதுக்கியது சரியான முடிவு. தமிழ்ப் பகுதியும் அதோடு கீழே வந்துவிட்டது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் கட்டுத் தொகுதிகள் சில இங்கே இருக்கின்றன. அந்தக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு 2.4 என்ற எண்ணின் அர்த்தம் முதுகில் தெரியும்.

இனிக் கண்ணாடிப் பகுதி. இப்படிப்பட்ட பழைய நூலகத்தோடு கண்ணாடியைச் சேர்ப்பது உலக வழக்கம்தான். டொரோண்டோவில் 1973-இன் ரோபார்ட்ஸ் நூலகத்தோடு 2022-இல் ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் சேர்ந்தது, சுமார் 1,200 இருக்கைகளோடு. பால் ருடால்ஃப் வடிவமைத்த மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழக நூலகத்திலும் கண்ணாடி விரிவாக்கம் 2012-இல் முடிந்தது. ஆனால் அவை பனி பெய்யும் ஊர்கள். அங்கே வெயில் விருந்தாளி, இங்கே குடியிருப்பவன். பேராக் ஏறத்தாழ 4, 5 பாகை வட அகலாங்கில் இருப்பதால் சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலே போகும். வடக்கு, தெற்கு முகங்களில் சின்னத் தடுப்பு போதும். கிழக்கும் மேற்கும்தான் சுடும். நம் தரம் எம்.எஸ். 1525, கட்டட உறை வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட் என்ற வரம்பு வைத்திருக்கிறது. காகிதத்தில் அந்தக் கணக்கு தேறியிருக்கலாம். ஆனால் மேற்கு முகத்தில் நாலு மணிக்கு மேல் மடிக்கணினித் திரை தெரியவில்லை. மாணவர்கள் பழைய சுவரொட்டிகளைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். செங்குத்துத் தடுப்புகளைக் கண்ணாடிக்கு வெளியே வைக்க வேண்டியதை உள்ளே திரையாகத் தொங்கவிட்டால் வெப்பம் உள்ளே வந்த பிறகுதான் தடுபடும். நாற்காலிகள் நல்லவை, மின்சாக்கெட் மேசைக்கு இரண்டு, வைஃபை தரைத்தளத்தில் மந்தம். அவ்வளவுதான் அதைப் பற்றி.

இனி அந்த ஒரு மதிப்பெண் இணைப்பு.

பழைய கட்டடம் ஐம்பது ஆண்டாக அமர்ந்து அசைவை முடித்துவிட்டது. புதியது இப்போதுதான் அமர்கிறது. அதனால் இரண்டையும் ஒட்டாமல் நடுவே இடைவெளி விடுவது சரி, விட்டும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை மூடிய விதம்தான் கோளாறு. வெளியே ஒரு வரி சிலிக்கோன் மட்டும். நல்ல சிலிக்கோன் பொதுவாகத் தன் அகலத்தில் கால்வாசி அசைவைத் தாங்கும். 20 மில்லிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர். அதற்கும், பின்னால் நுரைக்கயிறு வைத்து, ஆழம் அகலத்தில் பாதியாக, இரண்டு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே நுரைக்கயிறு இல்லாத இடங்களில் பின்சுவரிலும் ஒட்டி, மூன்று பக்கமும் பிடித்து, நடுவில் கிழிந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று. சிலிக்கோனைப் பலகை நரம்பு பதிந்த பழைய முகத்தின் மேல் நேராக வைத்திருக்கிறார்கள். நரம்பு ஒவ்வொன்றும் ஒரு குட்டி வாய்க்கால். சிலிக்கோன் மேட்டில் ஒட்டியிருக்கும், பள்ளத்தில் ஒட்டியிருக்காது. சுவரில் வழியும் மழைநீர் அந்தப் பள்ளங்கள் வழியே மூடியின் பின்னால் நடந்து போய் உள்ளே சொட்டுகிறது. இரண்டாம் மாடித் தூணில் பாடுபட்டு மீட்ட அதே நரம்பு, இங்கே தண்ணீருக்கு வழிகாட்டி. பெருமழை நின்று கால் மணிநேரம் கழித்து, மூடித் தகட்டின் மூன்றாவது திருகிலிருந்து சொட்டு விழத் தொடங்குகிறது. கீழே வாளி வைத்திருக்கிறார்கள். வாசல் காவலரான ஜாகா வருகிறவர்களிடம் “அண்ணே, அந்த மேசை வேணாம்” என்று கையைக் காட்டுகிறார்.

சரிசெய்ய மறுபடி சிலிக்கோன் பூசுவது வீண். பழைய முகத்தில் இடைவெளி ஓரமாக 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வரி அறுத்து, துருப்பிடிக்காத தகட்டின் மடிப்பை அதற்குள் செருகி, தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். உள்ளே இரண்டாவது அரணாக ரப்பர் வாய்க்கால் ஒன்று, சரிவோடு, கீழே வடிகாலில் சேரும்படி. வெளி அரண் ஒருநாள் தோற்கும் என்று எடுத்துக்கொண்டு உள் அரணை வைப்பதுதான் இந்த நாட்டு மழைக்குச் சரி. வரியை அறுக்குமுன் கம்பி எங்கே என்று கருவியால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தூணில் செய்த வேலையை மறுபடி ஆரம்பிக்க நேரும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூலைத் தின்பது அதுதான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வெளியே 28 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரமும் இருந்தால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகைக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே 22 பாகைக்குக் குளிர்ந்த சுவரில் அந்தக் காற்று பட்டதும் வேர்க்கும். புதிய பகுதியின் தானியங்கிக் கதவு ஆள் வராதபோதும் திறந்து திறந்து மூடுகிறது. கதவுக்குப் பக்கத்துப் பழைய தூணின் கீழ்ப்பாதி காலையில் ஈரமாக இருக்கிறது. ஒழுக்கு என்று நினைத்து அதற்கும் ஒரு வாளி வைத்திருந்தார்கள்! ஏர்கோனை இன்னும் குளிராக வைப்பது தீர்வு ஆகாது. இரட்டைக் கதவு வைத்து நடுவே ஒரு சிறு அறை விட வேண்டும். இரவில் ஏர்கோனை முழுதாக நிறுத்தாமல் ஈரம் உறிஞ்சும் கருவியை அடுக்கறையில் ஓடவிட வேண்டும். அளவுக்கு மீறிப் பெரிய ஏர்கோன் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. தமிழ்ப் பகுதியின் ஈரமானி 63 காட்டியது. எல்லைக்கு வெகு கிட்ட.

இதே வயதுக் கான்கிரீட் கட்டடத்தைக் கையில் வைத்திருக்கும் பள்ளி வாரியமோ கோயில் நிர்வாகமோ இந்த வேலையைப் பார்த்து ஆள் பிடிக்க நினைத்தால்: கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி. குத்தகையாளருக்குத் தரும் ஜி7 தகுதி என்பது தொகைக்கு வரம்பில்லை என்று மட்டுமே சொல்லும், பலகை நரம்பை ஒட்டத் தெரியுமா என்று சொல்லாது. பழுதுபார்ப்பையும் புதுக் கட்டடத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் போட்டாலும், இணைப்பை யார் செய்வது என்பதைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். இங்கே பழையதைச் செய்தவரும் புதியதைச் செய்தவரும் வேறு வேறு துணைக் குத்தகையாளர்கள். நடுவிலுள்ள அந்த இடைவெளி இருவர் கணக்கிலும் இல்லாமல் போயிருக்கிறது.

போகிறவர்களுக்கு: இரண்டாம் மாடி, கிழக்கு ஓரம், குழித்தளத்துக்குக் கீழே உள்ள நீள மேசைதான் இந்த நூலகத்தின் ஆக நல்ல இடம். மதியத்துக்கு மேல் மேற்குக் கண்ணாடிப் பக்கம் வேண்டாம். தமிழ்ப் பகுதிக்குப் போக இணைப்பைக் கடக்கத் தேவையில்லை. பின்னால், 12-க்கு 1 சாய்தளத்துக்குப் பக்கத்தில், பழைய வாசல் இன்னும் திறந்திருக்கிறது. பலகையில் பெயர் போடாததால் பலருக்குத் தெரியவில்லை.